ஓர் அட்டையும் ஒரு கூரைத் தகரமும்

மஸ்கெலியாவுக்கு வருவோரின் கண்ணில் முதலிற் படுவது மவுசாகலை நீர்த்தேக்கமே. 1960களின் இறுதியில் அணை எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் மறைந்தது. இன்றைய நகரம் மேட்டிலே புதிதாக அமைந்தது. வறட்சியில் நீர் வற்றும் காலங்களிற் பழைய கோயிலின் சிதைந்த சுவர்கள் வெளியே தெரியும். மக்கள் அவற்றைக் காணக் கரைக்கு இறங்கிச் செல்வர். அந்த நீரே பள்ளத்தாக்கில் இறங்கி, 1983ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய 60 மெகாவாட் கெனியன் மின் நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றுகின்றது. நாட்டின் விளக்குகளுக்கு ஒளியூட்டும் நீர் அது. ஆயினும், அந்நீரைப் பார்த்தபடி மலைச்சரிவில் நிற்கும் லயங்களில், ஒரு மின்குமிழை எத்தனை மணி வரை எரிய விடலாம் என்பது இன்றும் கணக்குப் பார்த்தே தீர்மானிக்கப்படுகின்றது.

அத்தகைய லயமொன்றில், 2023ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், ஓர் இளைஞன் இரண்டு கிழமைகளாக ஒரே சிந்தனையில் ஆழ்ந்திருந்தான். தன் கணினிக்கு எந்த வரைவியல் அட்டையை வாங்குவது என்பதே அச்சிந்தனை. கடைக்காரர் ‘கிராபிக்ஸ் கார்ட்’ என்று சொல்லும் உள்ளங்கையளவுப் பொருள் அது. உலகப் பிரச்சினைகளோடு வைத்துப் பார்த்தால் இஃதொரு பொருட்டன்று. எனினும், ஒருவன் கையில் ஒரு முறை மட்டுமே செலவழிக்கக்கூடிய பணம் இருக்கும்போது, எந்தச் சிறு பொருளின் தெரிவும் அவனுடைய வாழ்க்கை நிலையை அவனுக்கே எடுத்துக் காட்டிவிடுகின்றது.

அவன் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டப்படிப்பு மாணவன். பகலில் ஹற்றனிலும் மஸ்கெலியாவிலும் உள்ள தனியார் வகுப்பு ஆசிரியர்களுக்கு வினாத்தாள்களைத் தட்டச்சுச் செய்து கொடுப்பான். மாலையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுப்பான். நோய்த்தொற்றினால் 2020, 2021ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் மூடிக் கிடந்தன. 2022இல் எரிபொருட் பஞ்சமும் மின்வெட்டும் மீண்டும் படிப்பைக் குலைத்தன. அவ்வாண்டுக்குரிய க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையே பிந்தி 2023 மே மாத இறுதியில் நடைபெறுவதாக இருந்தது. ஒளித்தெறிப்பையும் சந்திர கிரகணத்தையும் கரும்பலகையில் வட்டம் போட்டு விளக்கி அலுத்தவன், அவற்றை அசையும் படங்களாகச் செய்து காட்டினால் பிள்ளைகள் விரைவில் விளங்கிக் கொள்வர் என்று கண்டான். அதற்கென அவன் பயன்படுத்தியது பிளெண்டர் என்னும் இலவச மென்பொருள்.

கணினியோ கொழும்பில் ஓர் அலுவலகம் கழித்து விட்ட பழைய ஒடுங்கிய பெட்டி. அதிலே இயங்கியது லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த டெபியன் என்னும் பணிசெயல் முறைமை. விலை கொடுத்து வாங்கும் முறைமைக்குப் பணமில்லை. திருட்டுப் பிரதியைப் போட்டுக் கொள்ள மனமில்லை. தொடக்கத்தில் அவனை லினக்ஸிடம் கொண்டு சேர்த்தது கொள்கையன்று, வறுமையே. ஆனால் பழகப் பழக அதன் உட்பொருள் அவனுக்குப் புலனாயிற்று. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். 1991ஆம் ஆண்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிய அப்பணியில் உலகெங்குமுள்ளோர் கை சேர்த்துள்ளனர். 2004 டிசம்பர் கடற்கோளின் பின், காணாமற் போனோரையும் நிவாரண முகாம்களையும் பதிவு செய்யும் ‘சகானா’ மென்பொருளை இலங்கைத் தொண்டர்கள் சில நாட்களில் ஆக்க முடிந்ததும் இத்தகைய திறந்த மூல முறையினாலேயே.

அப்பெட்டியின் மையச் செயலியோடு பிறந்த இன்டெல் வரைவியல் எழுத்து வேலைக்குப் போதுமானதாயிருந்தது. அசையும் படத்துக்கு அது போதவில்லை. மூன்று நிமிடப் படம் ஒன்றுக்கு, விநாடிக்கு 24 சட்டங்களாக 4,320 சட்டங்கள் வேண்டும். ஒரு சட்டத்தைச் செயலி மட்டும் வரைந்து முடிக்க ஒரு நிமிடம் எடுத்தது. அதாவது, கணினி ஓயாமல் இயங்கினாலும் ஒரு படம் முடிய 72 மணி நேரம், மூன்று நாளும் மூன்று இரவும் ஆகும். இடையில் மின்சாரம் நின்றால் நின்ற இடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பரீட்சைக்கோ ஆறு கிழமைகளே இருந்தன.

ஆகவே அட்டை வேண்டியிருந்தது. அதற்குரிய பணம் தாயாரின் சீட்டிலிருந்து வந்தது. லயத்துப் பெண்கள் பன்னிருவர் பிடித்த சீட்டு அது. அம்மாதம் எடுக்கும் முறை அவருடையது. தொகை முப்பதினாயிரம் ரூபா. 2021ஆம் ஆண்டில் விதிக்கப்பட்ட 1,000 ரூபா நாட் சம்பளமே அப்போதும் இருந்தது. குறித்த நிறை கொழுந்து பறிக்காத நாளில் முழுப்பேர் விழாது, அரைப்பேர்தான். எனவே முப்பதினாயிரம் என்பது மழையிலும் அட்டைக்கடியிலும் விழுந்த முப்பது முழுப்பேர். இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கும் கணினி அட்டைக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பதை அவன் பகிடியாகச் சொன்னபோது, தாயார் சிரித்துவிட்டு, “ரெண்டுமே நம்ம ரத்தத்தத்தான் குடிக்குது” என்றார்.

பொதுவாக, வரைவியல் அட்டை வாங்குவோர் கேட்கும் கேள்வி ஒன்றே: எது வேகமானது? விளம்பரங்களும் அட்டவணைகளும் அக்கேள்விக்கே விடை சொல்கின்றன. ஆனால் இவ்விளைஞன் வேகத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் வேறு மூன்று கேள்விகளைக் கடக்க வேண்டியிருந்தது.

முதலாவது, இடம். அலுவலகப் பெட்டி ஒடுங்கியதாகையால் அரை உயர அட்டை மட்டுமே அதனுள் அடங்கும். இரண்டாவது, மின். பெட்டியின் மின்வழங்கி சிறியது. அட்டைக்கென்று தனி மின்கம்பி அதில் இல்லை. அட்டை பொருந்தும் துளைவழியே கிடைக்கக்கூடியது விதிப்படி 75 வாட்டுக்கு மேற்படாது. 2022 செப்டெம்பரில் எதீரியம் என்னும் எண்மப் பணம் தன் முறையை மாற்றிக் கொண்டதும், அதனை ‘அகழ்ந்த’ அட்டைகள் உலகச் சந்தையிற் குவிந்தன. ரேடியான் ஆர்எக்ஸ் 580 போன்ற பெரிய அட்டைகள் மலிவாகக் கிடைத்தன. ஆனால் அவ்வட்டை உச்ச வேலையில் 185 வாட் உண்ணும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் அவ்வாறு உழைத்தால் மாதத்துக்கு 44 அலகு மின்சாரம். மின்கட்டணமோ 2022 ஆகஸ்டில் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டிருந்தது. மலிவான அட்டை மலிவான அட்டையன்று என்பதை இக்கணக்கு உணர்த்திற்று. மூன்றாவது, பணம், அதைப் பற்றி மேலும் சொல்ல வேண்டியதில்லை.

இம்மூன்று சல்லடைகளிலும் சலித்தபின் மிஞ்சியவை இரண்டே. ஒன்று, என்விடியா நிறுவனத்தின் ஜிபோர்ஸ் ஜிடி 1030. அது 30 வாட் அட்டை. மற்றையது, ஏஎம்டி நிறுவனத்தின் ரேடியான் ஆர்எக்ஸ் 550. அது 50 வாட். இரண்டும் 2017ஆம் ஆண்டில் வெளிவந்தவை. இரண்டும் பழைய பொருளாகக் கைக்கெட்டும் விலையில் இருந்தன. வாட் வித்தியாசமும் மாதத்துக்கு ஐந்து அலகுக்கு உட்பட்டதே. இவ்விடத்திலேதான் நான்காவது கேள்வி எழுந்தது. லினக்ஸைப் பயன்படுத்துவோர் மட்டுமே முதன்மையாகக் கேட்கும் கேள்வி அது: இவ்வட்டையின் செலுத்தி யார் கையில் இருக்கின்றது?

செலுத்தி, அதாவது ‘டிரைவர்’, என்பது பணிசெயல் முறைமைக்கும் வன்பொருளுக்கும் இடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளன். முறைமை ‘இவ்விடத்தில் ஒரு முக்கோணம் வரை’ என்கின்றது. அதனை அட்டைக்கு விளங்கும் கட்டளைகளாக மாற்றுவது செலுத்தி. அது இல்லையேல் விலையுயர்ந்த அட்டையும் வெறும் தகடே. மேலும், முறைமை ஆண்டுதோறும் வளர்ந்து மாறுவது. செலுத்தியும் அதனோடு ஒத்து மாறியாக வேண்டும். ஒரு நாள் அது மாறாது நின்றுவிட்டால், அட்டையில் எப்பழுதும் இல்லாதபோதும், புதிய முறைமையில் அட்டை பயனற்றதாகிவிடும்.

திறந்த மென்பொருள் இயக்கத்தின் கதையே ஒரு செலுத்தியிலிருந்துதான் தொடங்குகின்றது என்பர். 1980ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் ஆய்வுகூடத்துக்கு செரொக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறியொன்று வந்தது. அதில் அடிக்கடி தாள் சிக்கும். முந்திய பொறியின் செய்நிரலை ரிச்சர்ட் ஸ்டால்மன் தாமே திருத்தி, தாள் சிக்கினால் அனைவருக்கும் செய்தி போகும்படி செய்திருந்தார். புதிய பொறியின் மூலநிரல் அவருக்குக் கிடைக்கவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தார் இரகசிய உடன்படிக்கையைக் காட்டித் தர மறுத்தனர். கண்ணெதிரே பழுது, கையிலே திறமை, ஆனால் தொட உரிமையில்லை என்ற அந்நிலையின் கசப்பே அவரை 1983ஆம் ஆண்டு ‘குனூ’ திட்டத்தை அறிவிக்கும் வழிக்குத் தள்ளிய காரணங்களில் ஒன்று.

வரைவியல் அட்டைகளின் உலகில் அக்கசப்பு நீண்ட காலம் நிலவியது. என்விடியா லினக்ஸுக்குச் செலுத்தி தராமலில்லை. திறமான செலுத்தியையே தந்தது. ஆனால் அது மூடிய பெட்டி. அதனாற் சிலர், அட்டையின் நடத்தையை வெளியிலிருந்து கவனித்துக் கவனித்தே அதன் மொழியை ஊகித்து, ‘நூவோ’ என்ற திறந்த செலுத்தியை எழுதினர். 2010ஆம் ஆண்டு அது லினக்ஸ் கருவுக்குள் சேர்ந்தது. ஆனால் 2014ஆம் ஆண்டின் 900 வரிசை தொடங்கி, நிறுவனத்தின் கையொப்பமிட்ட நிலைப்பொருள் இன்றி அட்டையின் வேகத்தை உயர்த்த இயலாதவாறு அமைப்பு மாறிற்று. ஜிடி 1030உம் அத்தகைய தலைமுறையே. நூவோவின் கீழ் அது விழித்தெழுந்த நேரத்து மந்த வேகத்திலேயே நடக்கும். 2012 ஜூன் மாதம் பின்லாந்தின் ஆல்ட்டோப் பல்கலைக்கழகத்தில் டோர்வால்ட்ஸ் இந்நிறுவனத்தைக் கடுஞ்சொல்லால் ஏசியது உலகறிந்த செய்தி. 2022 மே மாதம் என்விடியா தன் கருச் செலுத்தியின் மூலநிரலை வெளியிட்டது மெய்யே. எனினும் அது 2018ஆம் ஆண்டுத் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் மட்டுமே உரியது. வாசல் திறந்தபோது ஜிடி 1030 வாசலுக்கு வெளியே நின்றது.

ஏஎம்டியின் வரலாறு வேறுவிதமானது. 2006இல் ஏடிஐ நிறுவனத்தை வாங்கிய அது, 2007ஆம் ஆண்டு தன் அட்டைகளின் உள்ளமைப்பு ஆவணங்களைத் திறந்த செலுத்தி எழுதுவோருக்கு வெளியிடப் போவதாக அறிவித்தது. 2015ஆம் ஆண்டு ‘ஏஎம்டிஜிபியு’ என்ற திறந்த செலுத்தி லினக்ஸ் கருவிற் சேர்ந்தது. மேசா என்னும் பொதுநூலகத்தோடு இணைந்து அது ஆர்எக்ஸ் 550ஐ எவ்வித வெளிச் செலுத்தியும் இன்றி இயக்கும்.

இவ்வளவையும் அறிந்தபின் தெரிவு எளிதாயிருந்திருக்க வேண்டும். அவ்வாறு இருக்கவில்லை. பேராதனையிற் பொறியியல் பயிலும் நண்பனொருவன் தொலைபேசியில் நேர்மாறான வாதத்தை முன்வைத்தான். என்விடியா 2007இல் வெளியிட்ட ‘கூடா’ என்னும் கணிப்பு முறைமேலேயே பிளெண்டரின் உயர்தர வரைவுப் பொறியும், செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியின் பெரும்பகுதியும் நிற்கின்றன. “மச்சான், கூடா இல்லாத கார்ட வாங்கிட்டுப் பிறகு அழாத. நாளைக்கு நீ படிக்கப் போறதெல்லாம் அதிலதான் இருக்கு” என்றான்.

“கூடாவோட நட்பு வேணாம்னு வள்ளுவர் ஒரு அதிகாரமே எழுதி வச்சிருக்கார்டா” என்று இவன் சொல்ல, இருவரும் சிரித்தனர். ‘கூடா நட்பு’ 83ஆம் அதிகாரம் என்பதை நண்பன் உடனே சொன்னான்.

ஆனால் சிரிப்பு வாதத்துக்கு விடையாகாது. நண்பன் சொன்னது முற்றிலும் உண்மை. பிளெண்டரின் ‘சைக்கிள்ஸ்’ என்னும் வரைவுப் பொறி, 2021 இறுதியில் வந்த 3.0 பதிப்பிலிருந்து ஆர்எக்ஸ் 550இன் தலைமுறைக்கு உதவுவதில்லை. ஜிடி 1030இல், 2 கிகாபைட் நினைவகம் இடங்கொடுக்கும் அளவுக்கேனும், அது ஓடும். ‘ஈவி’ என்னும் விரைவு வரைவுப் பொறி மட்டுமே ஆர்எக்ஸ் 550க்கு வாய்க்கும். பாடப்படங்களுக்கு ஈவி போதும். ஆனால் இளைஞனின் சொந்த எதிர்காலத்துக்குப் போதுமா? திறந்த செலுத்தியைத் தெரிந்தெடுத்தால் ஒரு கதவை அவன் தன் கையாலேயே சாத்த வேண்டும். கொள்கைக்காக இழப்பது பிறருடைய பணமாயின் கொள்கை எளிது. இதுவோ தாயாரின் முப்பது பேர்.

அன்றிரவு மழை பெய்தது. லயத்து அறையின் ஒரு மூலையிற் கூரைத் தகரம் துருப்பிடித்து ஒழுகும். அதன் கீழ் வழக்கம்போல ஒரு வாளி வைக்கப்பட்டிருந்தது. தாயார் அடுப்படியிலிருந்து கேட்டார்:

“என்னா தம்பி, இன்னும் முடிவு பண்ணலயா? ரெண்டுல எது நல்லது?”

“ரெண்டும் நல்லதுதாம்மா. ஒண்ணு நெறைய வேலை செய்யும். மத்தது கொஞ்சம் கொறைய.”

“அப்ப நெறைய செய்யிறத வாங்கு.”

“அதோட சாவி அத செஞ்ச கம்பெனிகிட்டதாம்மா இருக்கு. அவங்க நாளைக்கு இத பாக்க மாட்டோம்னு சொல்லிட்டா, வேற யாரும் தொட முடியாது.”

தாயார் சற்றே மௌனமாயிருந்தார். பிறகு வாளியை நகர்த்தி வைத்துக்கொண்டே, “இந்தத் தகரம் மாதிரின்னு சொல்லு” என்றார்.

அந்தத் தகரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அது ஒழுகத் தொடங்கியபோது தகப்பனார் உயிரோடிருந்தார். தச்சு வேலையும் தகர வேலையும் தெரிந்தவர். தானே வாங்கி மாற்றி விடுகிறேன் என்று தோட்டத்து அலுவலகத்திற் கேட்டார். லயம் தோட்டத்துக்குச் சொந்தம், அனுமதியின்றிக் கை வைக்கக்கூடாது, முறைப்படி எழுதிக் கொடுத்தால் ஆள் வரும் என்றனர். எழுதிக் கொடுத்தார். ஆள் வரவில்லை. இரண்டாம் முறையும் எழுதினார். தகரம் மாறுமுன் அவர் காலமானார். இம்மலைகளுக்கு மக்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததாக நினைவுகூரப்பட்ட ஆண்டு 2023. அத்தனை காலத்தின் பின்னும், குடியிருக்கும் கூரையைத் தன் கையாற் செப்பனிட உரிமையில்லாதார் பலர் இங்கு உண்டு. கூரை ஒழுகுவது துன்பந்தான். ஆனால் திருத்தத் தெரிந்த ஒருவன், ஏணியும் சுத்தியலும் இருந்தும், வாளியை மட்டும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருப்பது அதனினும் பெரிய துன்பம்.

ஸ்டால்மனின் அச்சுப்பொறிக்கும் அவ்வறையின் கூரைக்கும் இடையே கடல்களும் மலைகளும் கிடக்கின்றன. ஒன்று ஆய்வுகூடத்து அறிஞரின் சினம்; மற்றது தொழிலாளியின் வாழ்நாட் காத்திருப்பு. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது தகாது. எனினும் இரண்டிலும் உள்ள கேள்வி ஒன்றே என்பதை அவ்விளைஞன் அன்றிரவு கண்டுகொண்டான்: பழுது வந்தால், அதைப் பார்க்கும் உரிமை யாருக்கு உண்டு?

“தம்பி, பழுதாகாத சாமான் எதுவும் இல்ல. பழுதானா யாரு பாப்பான்னு கேட்டு வாங்கு” என்று சொல்லிவிட்டுத் தாயார் படுக்கப் போனார். எந்த அட்டவணையிலும் அவன் காணாத அளவுகோல் அது.

மறுவாரம் அவன் கண்டிக்குப் பஸ் ஏறினான். பழைய பொருட் சந்தையிற் பெயரை நம்புவது பேதைமை என்பதை அவன் அறிந்திருந்தான். ஜிடி 730 என்ற ஒரே பெயரில் இரு வேறு தலைமுறைச் சிப்புகள் விற்கப்பட்டுள்ளன. ஜிடி 1030இலேயே 2018இல் வந்த மெதுவான நினைவகம் கொண்ட வடிவம் பழைய பெயரோடேயே உலவுகின்றது. ஆர்எக்ஸ் 580 என்னும் பெயரில் உண்மையில் 570க்கு நிகரான அட்டையும் உண்டு. ஆகவே அவன் ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி எடுத்துச் சென்றான். கடைக்காரரின் அனுமதியோடு அங்கிருந்த கணினியில் அட்டையைப் பொருத்தி, பென் டிரைவிலிருந்து இயக்கினான். ஒரு கட்டளையிட்டதும் சிப்பின் மெய்ப்பெயர் திரையில் வந்தது. பின்னர் அரை மணி நேரம் ஒரு படத்தைச் சுழல விட்டு, விசிறியின் ஓசையையும் வெப்பத்தையும் கவனித்தான். “இப்படிப் பார்த்து வாங்கிறவங்க குறைவு தம்பி” என்றார் கடைக்காரர். ஆர்எக்ஸ் 550 இருபத்து நாலாயிரம் ரூபாவுக்கு அவன் கைக்கு வந்தது. மிச்சம் ஆறாயிரம் தாயாரிடம் திரும்பிச் சென்றது.

திறந்த அட்டை என்று கொண்டாடப்படும் இதிலும் முழுத் திறப்பு இல்லை என்பதையும் அவன் அன்றே கண்டான். செலுத்தி திறந்ததாயினும், அட்டை எழுவதற்கு வேண்டிய நிலைப்பொருள் நிறுவனம் தரும் மூடிய கோப்பே. அவனிடமிருந்த டெபியன் பதிப்பில் அதைத் தனியே சேர்க்க வேண்டியிருந்தது. அத்தகைய கோப்புகளை நிறுவற் தட்டிலேயே சேர்க்கலாமா என்று டெபியன் சமூகத்தார் 2022இல் வாக்கெடுத்துச் சம்மதித்து, 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பிற் சேர்த்தனர். தூய கொள்கையென்று ஒன்று சந்தையில் விற்பனைக்கு இல்லை. கூடிய திறப்பு, குறைந்த திறப்பு என்பவற்றுக்கிடையேதான் மனிதர் தெரிவு செய்கின்றனர். அதற்காகத் தெரிவே வீண் என்று கொள்வதும் தவறு.

ஈவிப் பொறியில் ஒரு சட்டம் இரண்டு விநாடியில் முடிந்தது. மூன்று நாட்கள் எடுத்த படம் இரண்டரை மணி நேரத்துக்குள் அடங்கிற்று. பரீட்சைக்கு முன் ஒன்பது படங்கள் ஆயின. தோட்டத்து வாசிகசாலையில் வெள்ளைத் துணியொன்றில் அவை காட்டப்பட்டன. பூமியின் நிழல் சந்திரன்மேல் மெல்ல ஏறியபோது, பின்வரிசையில் இருந்த சிறுமியொருத்தி தன்னையறியாது எழுந்து நின்றாள்.

இழப்பும் இல்லாமற் போகவில்லை. பின்னர் செயற்கை நுண்ணறிவு பற்றிய பயிற்சியொன்றை அவன் மேற்கொண்டபோது நண்பனின் எச்சரிக்கை மெய்யாயிற்று. அவனது அட்டையில் அது ஓடவில்லை. நண்பனின் கணினியை இரவல் பெற்றே அதனை முடிக்க நேர்ந்தது. அவ்வேலையையே முதன்மையாகக் கொண்டவன் என்விடியா அட்டையை வாங்குவதே அறிவுடைமை. அதில் வெட்கத்துக்கு இடமில்லை.

ஆனால் காலம் மற்றைய வாதத்துக்கும் சான்று சொல்லிற்று. 2025ஆம் ஆண்டு என்விடியா, தன் செலுத்திகளில் 580 வரிசையே ஜிடி 1030இன் தலைமுறைக்குரிய கடைசி வரிசை என்று அறிவித்தது. இதனைக் கொண்டு ஏஎம்டியைப் போற்றிவிடவும் இயலாது. அந்நிறுவனமும் 2023 நவம்பரில், விண்டோஸுக்கான தன் செலுத்தியில் ஆர்எக்ஸ் 550இன் தலைமுறையைத் தனிக் கிளைக்கு ஒதுக்கி, வருகின்ற திருத்தங்களைக் குறைத்துக் கொண்டது. வியாபாரிக்குப் பழைய பொருளின்மேற் பற்று இருக்க நியாயமில்லை. கருதத்தக்கது யாதெனில், அதே அட்டையின் லினக்ஸ் செலுத்தி அத்துடன் நின்றுவிடவில்லை என்பதே. அதன் மூலநிரல் பொதுவில் இருப்பதால், ஒருவர் கைவிட்டாலும் வேறொருவர் எடுத்துத் தொடரலாம். 2012ஆம் ஆண்டில் வந்த ரேடியான் அட்டைகளுக்கும் பத்தாண்டுகளின் பின்னர்ப் பழுதுகள் திருத்தப்படுவது இவ்வாறே. நல்ல நிறுவனம் எது என்று தேடுவதைவிட, எந்நிறுவனத்தின் நல்ல மனத்தையும் நம்பியிராத ஏற்பாடு எது என்று தேடுவதே மேலானது. கடையில் நின்றபோது இவ்வளவு தெளிவாக அவன் இதனை அறிந்திருக்கவில்லை. தாயாரின் கேள்வியே அவனை அதனருகே கொண்டு சென்றிருந்தது.

அவ்வொடுங்கிய பெட்டி இன்றும் அதே அறையில், அதே அட்டையோடு இயங்குகின்றது. படம் வரையும் இரவுகளில் விசிறி மெல்ல இரையும். மூலையிலுள்ள தகரம் மட்டும் இன்னும் மாறவில்லை. மழை நாட்களில் அதன் கீழ் வாளி இருக்கின்றது. அட்டையின் பழுதைப் பார்க்க முன்பின் அறியாத நாடுகளில் ஆட்கள் உண்டு. கூரையின் பழுதைப் பார்க்கும் உரிமை எப்போது அதன் கீழ் வாழ்வோருக்கு வரும் என்பதே, அவ்வறையில் விடை கிடைக்காமல் எஞ்சி நிற்கும் கேள்வி.